ரா படங்களும் ஏற்ற மென்பொருளும்

புகைப்படக் கலை தோன்றி ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் ஆகின்றன. நம் அன்னையர் பள்ளியில் பயின்ற நாளில் ஆண்டு விழா என்றால் ஸ்டூடியோக்காரர் ஒருவர் வருவார். 36 படங்கள் கொண்ட பிலிம் சுருள் ஒன்றோ இரண்டோ எடுப்பார். சில நாள் கழித்துப் பிரதிகள் வரும். இன்றோ மாணவியர் இருவர் ஒரே மாலைப்பொழுதில் 600 படங்கள் எடுத்துவிடுகின்றனர். எடுப்பது எளிதாயிற்று. எடுத்தவற்றைப் பார்த்து, பொறுக்கி, திருத்தி, பாதுகாத்து வைப்பது கடினமாயிற்று. விழா முடிந்து மாதங்கள் பல கடந்தும் படங்கள் கேமராவின் அட்டையிலேயே உறங்கிக்கொண்டிருப்பதை எத்தனையோ வீடுகளில் காண்கிறோம்.

மகளுக்கு ஆசையுடன் கேமரா வாங்கித் தந்த பெற்றோர், "படங்களைத் திருத்த எந்த மென்பொருள் நல்லது?" என்று கேட்கின்றனர். கடைக்காரர் ஒன்றைச் சொல்கிறார். உறவினர் வேறொன்றைச் சொல்கிறார். ஒன்றுக்கு மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். மற்றொன்றுக்குப் புதுக் கணினியே வேண்டும் என்கிறார்கள். கேட்டவர் மலைத்துப்போய், "நமக்கேன் இந்த வேலை" என்று விட்டுவிடுகிறார். ஆர்வமுள்ள ஒரு பெண்ணின் கலை அங்கேயே முடங்கிவிடுகிறது. அவ்வாறு முடங்க வேண்டிய தேவையே இல்லை என்பதை எடுத்துக்காட்டவே இக்கட்டுரையை எழுதுகிறோம். ரா படம் என்பது யாது, அதைத் திருத்தும்போது கணினி ஏன் திணறுகிறது, வேகம் உண்மையில் எதனால் கிடைக்கிறது, நம் வீட்டுக் கணினிக்கு ஏற்ற மென்பொருளைத் தேர்வது எவ்வாறு என்பவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ரா என்பது யாது?

'ரா' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பச்சையானது, பக்குவப்படுத்தாதது என்பது பொருள். கேமராவினுள் ஒளியை உணரும் தகடு ஒன்று உள்ளது. அத்தகடு அளந்த ஒளியின் அளவுகளை ஏறத்தாழ அப்படியே எழுதிவைத்த கோப்பே ரா கோப்பு. கேமரா இதே அளவுகளைத் தானே பக்குவம் செய்து, நிறமும் பொலிவும் சேர்த்து, வேண்டாதது என்று கருதியதைக் கழித்து, சுருக்கித் தரும் கோப்பு ஜேபெக் எனப்படும். ஜேபெக் முறை 1992ஆம் ஆண்டு உலகத் தர முறையாக வகுக்கப்பட்டது. நாம் கைப்பேசியில் அனுப்பும் படங்களுள் பெரும்பாலானவை இம்முறையைச் சேர்ந்தவையே.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் சமையலறையிலேயே காணலாம். ரா என்பது அரைத்து வைத்த மாவு போன்றது. அதை இட்லியாக அவிக்கலாம், தோசையாக வார்க்கலாம், வெங்காயம் சேர்த்து ஊத்தப்பமும் செய்யலாம். ஜேபெக் என்பது சுட்டு முடித்த தோசை. உடனே உண்ணலாம், ஆனால் அதனை மீண்டும் மாவாக்க எவராலும் இயலாது.

எண்களால் சொன்னால் இன்னும் தெளிவாகும். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. 12 பிட் ரா கோப்பில் 4,096 படிகளும், 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகளும் உள்ளன. நம் பள்ளி மேடையை எண்ணிப் பாருங்கள். பின்னால் கரிய திரை. முன்னால் விளக்கொளியில் வெள்ளை உடை அணிந்த அருட்சகோதரியர். அருகில் பட்டுப் பாவாடை அணிந்த சிறுமியர். வெள்ளை உடையின் மடிப்புகளும் தெரிய வேண்டும், பட்டின் நிறமும் மாறாதிருக்க வேண்டும், இருளில் நிற்கும் மாணவியின் முகமும் புலப்பட வேண்டும். ஜேபெக் படத்தில் இவற்றுள் ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெட்டுவிடும். ரா கோப்பில் மூன்றையும் இயன்றவரை மீட்டெடுக்க இடம் உண்டு. எனினும் ஒளி மிகுந்து தகடே நிரம்பிவிட்ட இடத்தில் எழுதப்பட்ட விவரம் ஏதும் இராது. அங்கே எந்த மென்பொருளாலும் பயனில்லை. கை நடுங்கி மங்கிய படமும் அவ்வாறே. நல்ல படம் கேமராவிலேதான் பிறக்கிறது. மென்பொருள் அதனைச் சீராட்டி வளர்க்கும் செவிலித்தாய் மட்டுமே.

எல்லாப் படங்களையும் ராவாக எடுக்க வேண்டும் என்பதில்லை. நல்ல வெயிலில் எடுக்கும் வகுப்புக் குழுப் படத்துக்கு ஜேபெக்கே போதும். மேடை விழா, மாலை நேரம், ஜன்னலோர வெளிச்சம், நெடுங்காலம் காக்க வேண்டிய குடும்பப் படம் ஆகியவற்றுக்கே ரா சிறந்தது. விலையுயர்ந்த கேமராவும் கட்டாயமன்று. 2014ஆம் ஆண்டு முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கும், 2016ஆம் ஆண்டு முதல் ஐபோன்களுக்கும் ரா எடுக்கும் வசதி வந்துவிட்டது. அவற்றிலும் எல்லா மாதிரிகளிலும் அது இராது. ஆதலால் தம் கைப்பேசியில் உண்டா என்று பார்த்துக்கொள்ளுதல் நலம்.

கணினி ஏன் திணறுகிறது?

ரா கோப்பைத் திறந்தவுடன் சில கணினிகள் திக்குமுக்காடுகின்றன. அதன் காரணத்தை அறிந்தால் மென்பொருள் தேர்வு பாதி முடிந்ததாகக் கொள்ளலாம்.

ஒளியை உணரும் தகட்டிலுள்ள புள்ளிகளுக்கு நிறம் தெரியாது. வெளிச்சம் எவ்வளவு என்று மட்டுமே அவை அளக்கும். இக்குறையைத் தீர்க்க ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் என்னும் அறிஞர் ஓர் எளிய வழி கண்டார். ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களுள் ஒன்றின் வடிகட்டியை வைத்தார். கோலத்தில் புள்ளிகள் வரிசை மாறாமல் வருவதுபோல் இவையும் ஓர் ஒழுங்கில் வரும். பாதிப் புள்ளிகள் பச்சை. கால் பங்கு சிவப்பு. கால் பங்கு நீலம். மனிதக் கண் பச்சைப் பகுதி ஒளியை நுட்பமாக உணர்வதால் அதற்குப் பாதி இடம் தந்தார். இதற்கான காப்புரிமை 1976ஆம் ஆண்டு வழங்கப்பட்டது. இன்றைய கேமராக்களுள் பெரும்பாலானவை இம்முறையையே பின்பற்றுகின்றன.

இதன் விளைவு யாது? 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் கொண்ட தகட்டில், அதாவது 24 மெகாபிக்சல் கேமராவில், 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் பச்சையை மட்டும் அளக்கின்றன. சிவப்பையும் நீலத்தையும் அளப்பவை தலைக்கு 60 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் விடுபட்ட இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டு நிரப்ப வேண்டும். அப்பணியை மென்பொருள் செய்கிறது. அதன்பின் வெளிச்சத்தின் நிறத்தைச் சமன்செய்து, மணல் தூவியதுபோல் தெரியும் பொட்டுகளை நீக்கி, லென்ஸின் வளைவைத் திருத்தி, கூர்மை கூட்டித் திரையில் காட்டுகிறது. நாம் ஒரு பொத்தானைச் சற்று நகர்த்தினால் இக்கணக்குகளுள் பலவற்றை மீண்டும் போட வேண்டும்.

நினைவகத்தின் நிலையையும் பார்ப்போம். 24 மெகாபிக்சல் படத்தை மூன்று நிறங்களுடன் நுட்பமான எண்களாக விரித்தால், ஒரு நிறத்துக்கு 4 பைட் வீதம், 288 மெகாபைட் இடம் வேண்டும். கணக்கின் நடுவே இத்தகைய பிரதிகள் சில ஒரே சமயத்தில் தேவைப்படும். 4 ஜிகாபைட் நினைவகம் உள்ள கணினியில் இயக்க அமைப்பும், திறந்து வைத்த பிற வேலைகளும் போக எஞ்சும் இடம் குறைவு. எனவே அது திணறுகிறது. 8 ஜிகாபைட் இருந்தால் மூச்சு விடலாம்; 16 இருந்தால் நிம்மதி. புதுக் கணினி வாங்கும் முன், பழையதில் நினைவகத்தைக் கூட்ட முடியுமா, பழைய சுழல் வட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. வட்டு பொருத்த முடியுமா என்று விசாரிக்க வேண்டும். குறைந்த செலவில் மிகுந்த பயன் இதிலேயே கிடைக்கும்.

வேகம் எங்கே இருக்கிறது?

வேகமான மென்பொருள் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஒரு படத்துக்கு அது எத்தனை நொடி எடுக்கிறது என்பதை மட்டும் பார்ப்பது போதாது. 600 படங்களும் முடிந்து நாம் எழுந்திருக்க எவ்வளவு நேரமாகிறது என்பதே உண்மையான வேகம். அது மூன்று இடங்களில் உள்ளது.

முதலாவது, பொறுக்குதல். 600 படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க, படத்துக்கு 3 நொடி காத்திருந்தால் வீணாவது 1,800 நொடி. அதாவது அரை மணி நேரம். அரை நொடியில் திறந்தால் 5 நிமிடமே வீணாகும். இதற்கு ஓர் உபாயம் உண்டு. பெரும்பாலான ரா கோப்புகளுக்குள் கேமரா தானே செய்த ஜேபெக் படம் ஒன்றும் பொதிந்திருக்கிறது. எந்தக் கணக்கும் போடாமல் அதை எடுத்துக் காட்டும் மென்பொருளில் படங்கள் உடனுக்குடன் புரளும். எக்ஸ்என்வியூ போன்ற பார்வை மென்பொருள்கள் இதற்கு உதவும். அது தனிப்பட்ட உபயோகத்துக்கும் கல்விக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. கண் மூடியவை, மங்கியவை, ஒரே மாதிரியானவை ஆகியவற்றை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய 100 படங்களை மட்டும் திருத்தும் மென்பொருளுக்குக் கொண்டுசெல்வதே அறிவுடைமை. அரிசியில் கல் பொறுக்கிய பின்பே உலையில் இடுகிறோம் அன்றோ?

இரண்டாவது, ஒரு திருத்தத்தைப் பல படங்களுக்கு ஏற்றுதல். 100 படங்களையும் தனித்தனியே படத்துக்கு 2 நிமிடம் வீதம் திருத்தினால் 200 நிமிடம் ஆகும். ஆனால் ஒரே நாடகம், ஒரே விளக்கு, ஒரே இடம் என்று பார்த்தால் அந்த 100 படங்களும் 8 குழுக்களுக்குள் அடங்கிவிடும். குழுவுக்கு ஒரு படத்தை 5 நிமிடம் செலவிட்டு நன்றாகத் திருத்தினால் 40 நிமிடம். அத்திருத்தத்தை நகலெடுத்து மற்றவற்றுக்கு ஒட்டி, படத்துக்கு அரை நிமிடம் சரிபார்த்தால் 50 நிமிடம். ஆக மொத்தம் 90 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இந்த நகலெடுத்து ஒட்டும் வசதி எளிதாக உள்ளதா என்பதே மென்பொருளில் நாம் முதலில் பார்க்க வேண்டிய அம்சம்.

மூன்றாவது, கைப்பழக்கம். தட்டச்சுப் பலகையின் குறுக்கு விசைகளை அறிந்தவள், சுட்டியைப் பிடித்துப் பட்டியல்தோறும் தேடுபவளைவிட இருமடங்கு வேலை செய்வாள். ஒரு மென்பொருளை மூன்று மாதம் பொறுமையுடன் கற்றவள், மாதம் ஒன்றாக மாற்றிக்கொண்டே இருப்பவளைவிட விரைவாக முன்னேறுவாள். தையல் இயந்திரம் மாற மாறத் தையல் வளருமோ?

நெகடிவைக் காத்தல்

பழைய ஸ்டூடியோக்களில் நெகடிவை உறையிலிட்டு எண் எழுதிப் பத்திரமாக வைத்திருப்பர். எத்தனை ஆண்டு கழித்துக் கேட்டாலும் புதுப் பிரதி எடுத்துத் தருவர். ரா கோப்பு நமக்கு அந்த நெகடிவ் போன்றது. நல்ல மென்பொருள் எதுவும் அதன்மேல் கை வைப்பதில்லை. வெளிச்சம் இவ்வளவு கூட்டுக, இப்பக்கம் வெட்டுக என்று நாம் சொல்பவற்றைக் குறிப்பாக எழுதி வைத்துக்கொள்கிறது. கோப்பு அப்படியே இருக்க, குறிப்பின்படி புதிய ஜேபெக் படம் ஒன்றை வெளியிடுகிறது. திருத்தம் பிடிக்கவில்லையெனின் குறிப்பை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம்.

அக்குறிப்பு எங்கே எழுதப்படுகிறது என்பது முக்கியமான கேள்வி. சில மென்பொருள்கள் படத்தின் அருகிலேயே சிறு துணைக் கோப்பாக எழுதுகின்றன. படத்தைப் பென் டிரைவில் வேறு கணினிக்கு எடுத்துச் சென்றால் குறிப்பும் உடன் செல்லும். வேறு சில, எல்லாக் குறிப்புகளையும் ஒரே பெரிய பதிவேட்டில் எழுதுகின்றன. ஆயிரக்கணக்கான படங்களைத் தேட இது வசதியே. ஆனால் அப்பதிவேடு கெட்டால் உழைப்பெல்லாம் வீண். ஆகையால் அதற்கும் மறுபிரதி எடுத்து வைத்தல் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு மென்பொருள் எழுதிய குறிப்பை மற்றொன்று முழுமையாகப் படித்துக்கொள்வதில்லை. மென்பொருள் மறைந்தால் குறிப்பும் ஊமையாகும். இது வீண் அச்சமன்று. ஆப்பிள் நிறுவனம் 2005ஆம் ஆண்டு அபெர்ச்சர் என்னும் ரா மென்பொருளை வெளியிட்டது. தொழில்முறைப் புகைப்படக்காரர் பலர் அதை நம்பித் தம் படங்களை ஒழுங்குசெய்தனர். 2014ஆம் ஆண்டு அதன் வளர்ச்சி நிறுத்தப்பட்டதாக அறிவிப்பு வந்தது; மறு ஆண்டு விற்பனையும் நின்றது. 2019இல் வெளிவந்த மேக் இயக்க அமைப்பில் அது இயங்கவே இல்லை. இதிலிருந்து நாம் கற்கும் பாடம் இதுவே: ரா கோப்பு, துணைக் குறிப்பு, திருத்தி முடித்த ஜேபெக் படம் ஆகிய மூன்றையும் சேர்த்தே காக்க வேண்டும், அவற்றையும் இரண்டு தனி இடங்களில் வைக்க வேண்டும்.

கேமரா நிறுவனம் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு ரா வகையை வைத்திருப்பதும் ஒரு தொல்லை. கேனனுக்கு ஒன்று, நிக்கானுக்கு ஒன்று, சோனிக்கு ஒன்று. இவற்றைப் பொதுவாக்கும் நோக்குடன் அடோபி நிறுவனம் 2004ஆம் ஆண்டு டி.என்.ஜி. என்னும் வகையை வெளியிட்டது. சில கேமராக்களும் ரா எடுக்கும் கைப்பேசிகள் பலவும் அவ்வகையிலேயே எழுதுகின்றன. மென்பொருளைத் தேரும் முன் நம் கேமராவின் வகையை அது படிக்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

சில மென்பொருள்கள்

முதலில் கேமரா நிறுவனங்களே தருபவற்றைச் சொல்வோம். கேனனின் டிஜிட்டல் போட்டோ புரொபஷனல், நிக்கானின் என்.எக்ஸ். ஸ்டூடியோ, சோனியின் இமேஜிங் எட்ஜ் ஆகியவை இலவசம். அந்தந்தக் கேமராவின் நிறங்களை அவை நன்கு அறியும். பியூஜிபில்ம் நிறுவனம் 2017இல் தந்த எக்ஸ் ரா ஸ்டூடியோவில் ஒரு புதுமை உண்டு. கேமராவைக் கம்பியால் கணினியுடன் இணைத்தால் கேமராவே கணக்கு வேலையைச் செய்து தரும். கணினி பழையதாயினும் கவலையில்லை. ஆனால் அது குறிப்பிட்ட சில கேமராக்களுக்கே பொருந்தும். வேறு நிறுவனத்தின் கேமராவுக்கு மாறினால் இவற்றையெல்லாம் விட்டுவிட நேரும்.

அடுத்து, எவரும் இலவசமாகப் பெற்று, பிறருக்கும் நகலெடுத்துத் தரக்கூடிய கட்டற்ற மென்பொருள்கள். இவற்றின் வரலாறு இனியது. 1997ஆம் ஆண்டு டேவ் காஃபின் என்பவர் டி.சி.ரா என்னும் சிறு நிரலை எழுதத் தொடங்கினார். நிறுவனங்கள் வெளியிடாத ரா வகைகளைத் தாமே ஆராய்ந்து படிக்க வழிசெய்து, அதனை எல்லாருக்கும் வழங்கினார். பின்னர் வந்த மென்பொருள்கள் பல அவருடைய உழைப்பின்மேல் எழுந்தவையே.

அவற்றுள் ரா தெரபி ஒன்று. ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த காபோர் ஹோர்வாத் தொடங்கிய இம்மென்பொருள், 2010ஆம் ஆண்டு முதல் கட்டற்றதாயிற்று. இதற்குத் தனி வரைகலை அட்டை தேவையில்லை. கணினியின் மையச் செயலியைக் கொண்டே வேலை செய்யும். பதிவேட்டில் சேர்க்காமல் அடைவை நேரே திறந்து திருத்தலாம். நுண்ணிய விவரங்களை வெளிக்கொணர்வதில் சிறந்தது. ஆனால் பொத்தான்கள் மிகுதி, தொடக்கத்தில் மருட்டும். அவற்றுள் ஏழெட்டை மட்டும் கற்றால் நம் தேவைக்குப் போதும்.

மற்றொன்று டார்க்டேபிள். யோஹன்னஸ் ஹானிக்கா தொடங்கிய இது 2009ஆம் ஆண்டு முதல் கிடைக்கிறது; 2017ஆம் ஆண்டின் இறுதியில் விண்டோஸ் கணினிகளுக்கும் வந்தது. இதில் படங்களை ஒழுங்குசெய்யும் பதிவேடும், அருகிலேயே எழுதும் துணைக் குறிப்பும் இரண்டுமே உண்டு. படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தும் வசதி நன்று. ஏற்ற வரைகலை அட்டை உள்ள கணினியில் விரைந்து ஓடும். இல்லாத பழைய கணினியில் பொறுமை தேவை. ஆகவே அட்டையில்லாத வீட்டில் ரா தெரபியையும், அட்டையுள்ள வீட்டில் டார்க்டேபிளையும் முதலில் சோதிக்கலாம் என்பது எம் கருத்து.

விலை கொடுத்துப் பெறுபவற்றுள் அடோபியின் லைட்ரூம் பெயர் பெற்றது. 2007இல் அதன் முதல் பதிப்பு வந்தது. கற்பதற்கு எளிது; பாடங்கள் ஏராளம்; பொறுக்குதல், திருத்துதல், ஒழுங்குசெய்தல் யாவும் ஒரே இடத்தில் அமைந்துள்ளன. திருமணப் படம் எடுத்துப் பிழைப்போருக்கு அது தரும் வசதி செலவை ஈடுகட்டும். ஆனால் இப்போது அதனைச் சந்தா கட்டியே பயன்படுத்த வேண்டும். கட்டுவதை நிறுத்தினால் திருத்தும் பகுதி வேலை செய்யாது. ஒரு முறை பணம் செலுத்தி வைத்துக்கொள்ள விரும்புவோருக்குக் கேப்சர் ஒன், டி.எக்ஸ்.ஓ. போட்டோலேப் போன்றவை உண்டு. விலை சற்று மிகுதி. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பொட்டுகளை நீக்கும் புதிய வசதி இவ்வகை மென்பொருள்கள் சிலவற்றில் வியக்கத்தக்கது. எனினும் அது வலிமை மிக்க வரைகலை அட்டையை வேண்டும். பழைய கணினியில் ஒரு படத்துக்கே பல நிமிடங்கள் காத்திருக்க நேரும்.

கணினியே இல்லாதவர் வருந்த வேண்டாம். டி.என்.ஜி. வகை ராவைத் திறந்து திருத்தும் ஸ்நாப்சீட் என்னும் கைப்பேசிச் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. பத்துப் பதினைந்து படங்களுக்கு அது தாராளம்.

விலையும் நேர்மையும்

இங்கே ஒரு சொல் சொல்லியே ஆக வேண்டும். விலையுள்ள மென்பொருளைப் பூட்டு உடைத்துத் திருட்டுத்தனமாகத் தரும் பிரதிகள் எங்கும் உலவுகின்றன. "எல்லாரும்தானே செய்கிறார்கள்" என்று அவற்றை வாங்குவோர் உளர். பிறர் உழைப்பை விலை தராமல் எடுப்பது களவே. அப்பிரதிகளோடு வைரஸ் நுழைந்து, காக்க எண்ணிய படங்களையே அழித்துவிடவும் கூடும். நேர்மையான வழியில் இலவசமாகவே நல்ல மென்பொருள் கிடைக்கும்போது இக்குறுக்கு வழி எதற்கு? பணமில்லை என்பது இனி ஒரு பெண்ணின் கலைக்குத் தடையாகாது. தடையாக இருக்கக் கூடியது பொறுமையின்மை ஒன்றே.

நாமே சோதிப்போம்

பிறர் சொல்லைக் கேட்டுத் தேர்வதைவிட நாமே சோதித்தல் மேல். விலையுள்ளவற்றுள்ளும் பல, சில நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்க இடம் தருகின்றன. சோதனையை விடுமுறையில் ஒரு நாளில் முடித்துவிடலாம்.

முதலில் நம் கேமராவில் எடுத்த 20 ரா படங்களைத் தேர்ந்துகொள்க. அவற்றுள் இருண்டவை, ஒளி மிகுந்தவை, மேடையில் எடுத்தவை, வெயிலில் எடுத்தவை எல்லாம் கலந்திருக்கட்டும். அவற்றை ஓர் அடைவில் இட்டு, மறுபிரதி எடுத்து வைக்க. பின்பு இரண்டு மென்பொருள்களை மட்டும் நிறுவிக் கொள்க. இரண்டுக்கு மேல் போனால் குழப்பமே மிஞ்சும்.

இனிக் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதுக. 20 படங்களையும் ஒரு முறை பார்த்து முடிக்க எவ்வளவு நேரம்? வெளிச்சப் பொத்தானை நகர்த்தியவுடன் திரையில் மாற்றம் தெரிகிறதா, காத்திருக்க வேண்டியுள்ளதா? ஒரு படத்தின் திருத்தத்தை மற்ற 10 படங்களுக்கு ஏற்ற எத்தனை அழுத்தங்கள் தேவை? 20 படங்களையும் ஜேபெக்காக வெளியிட எவ்வளவு நேரம்? அடைவை வேறு கணினிக்குக் கொண்டுபோனால் திருத்தங்கள் உடன் வருகின்றனவா?

வெளியிடும் நேரத்தைப் பற்றி மிகவும் கவலைப்பட வேண்டாம். கணினியை அவ்வேலையில் விட்டுவிட்டு நாம் இரவு உணவுக்குச் செல்லலாம். நாம் அதன்முன் காத்திருக்கும் நேரமே உண்மையில் இழக்கும் நேரம். ஆகையால் முதல் மூன்று கேள்விகளுக்கு மிகுந்த மதிப்பெண் தருக. ஐந்தாவது கேள்விக்கு 'இல்லை' என்ற விடை வருமாயின், அமைப்பில் துணைக் கோப்பு எழுதும் வசதி உண்டா என்று தேடுக. லைட்ரூமின் கணினிப் பதிப்பிலும் அமைப்பில் ஒரு குறியிட்டால் துணைக் குறிப்பு எழுதப்படும்.

இச்சோதனையில் உங்கள் தோழியின் வீட்டில் வென்ற மென்பொருள் உங்கள் வீட்டில் தோற்கலாம். அதில் வியப்பேதும் இல்லை. அவள் கணினி வேறு, கேமரா வேறு, செய்யும் வேலை வேறு. பிறருடைய செருப்பு நம் காலுக்குப் பொருந்துவதில்லை அன்றோ?

தோழியரே, இன்று நாம் எடுக்கும் படங்கள் வெறும் பொழுதுபோக்கல்ல. ஆண்டு விழாவில் பரிசு வாங்கிய சிறுமி, ஓய்வு பெற்றுச் செல்லும் ஆசிரியை, வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டி ஆகியோரின் இந்த நாள் மீண்டும் வாராது. 25 ஆண்டுகள் கழித்து இப்பள்ளியின் வெள்ளி விழா மலர் ஒன்றுக்கு ஒரு படம் வேண்டுமென எவரேனும் கேட்கக்கூடும். அன்று இன்றைய மென்பொருள்களுள் எவை எஞ்சியிருக்குமோ! ஆனால் ரா கோப்பைப் பழுதின்றிக் காத்து, அதன் அருகில் முடித்த படத்தையும் வைத்திருந்தால், அப்படம் நிச்சயம் கிடைக்கும். ஆகவே நம் கணினிக்கு ஏற்றதும், நம் உழைப்பைச் சிறைப்படுத்தாததும், நேர்மையாகப் பெறக்கூடியதுமான ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுப்போம். அதனைப் பொறுமையுடன் கற்போம். அட்டைகளில் உறங்கும் படங்களை இந்த விடுமுறையிலேயே எழுப்புவோம்.